காலுக்கு முன் காது: ஹுலா பழக வருபவர்களுக்கு

ஹவாய் நடனம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது புல் பாவாடை, கொட்டாங்கச்சி மார்க்கச்சை, முரசுக்குப் படபடவென்று துடிக்கும் இடுப்பு, கூடவே தீப்பிடித்த கத்தியைச் சுழற்றும் ஓர் ஆண். ஹுலா பழக வருபவர் முதலில் இந்தப் படத்தை மனதிலிருந்து இறக்கி வைக்க வேண்டும். புல் பாவாடை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கில்பர்ட் தீவுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்களோடு ஹவாய்க்கு வந்தது. பழைய ஹுலாக்காரர்கள் மரப்பட்டையை அடித்துச் செய்த கப்பாத் துணியை உடுத்தினார்கள். தேயிலையோடு உறவில்லாத ‘டீ’ என்ற செடியின் இலையால் செய்த பாவாடையும் கட்டினார்கள். வேகமாகத் துடிக்கும் இடுப்பு தஹிதி ஆட்டத்துக்கு உரியது. தீக்கத்தி சமோவாவினுடையது. சுற்றுலா விடுதிகளின் இரவு விருந்தில் இவை எல்லாம் ஒரே மேடையில் ஏறுவதால் எல்லாமே ஹவாயின் சொத்து என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

அப்படியானால் ஹுலா எது? ஹுலாவில் ஆடப்படுவது சொல். ஹவாய் மொழிக்கு எழுத்து வருவதற்கு முன்பு அரச குலவரிசை, தெய்வங்களின் பயணம், மழை காற்றுகளின் பெயர், காதல், ஒப்பாரி எல்லாம் பாட்டில்தான் இருந்தன. அந்தப் பாட்டுக்கு மெலெ என்று பெயர். மெலெ இருந்தால் ஆட்டம் இல்லாமல் இருக்கலாம். மெலெ இல்லாமல் ஹுலா கிடையாது. ஆட்டமில்லாமல் குரலால் மட்டும் ஓதுவதை ‘ஒலி’ என்கிறார்கள். நம் ஒலிக்கும் அதற்கும் உறவில்லை, தற்செயல்தான். ஆனாலும் அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் காலடிகளில் தொடங்குகிறார்கள். காணொளியைப் பார்த்து நான்கு அடி, இரண்டு கையசைவு. ஒரே மாதத்தில் சலிப்பு. நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் காது, பிறகு நாக்கு, அதன் பிறகு பொருள், அப்புறம்தான் கால்.

முதல் இரண்டு வாரம்: கேளுங்கள், பாருங்கள்

ஹுலாவில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. பழையது ஹுலா கஹிக்கோ. ஓதும் குரலும் தாளக் கருவியும் மட்டும் இருக்கும். கிட்டார் இராது, இனிப்பான மெட்டும் இராது. முழங்கால் நன்றாக மடங்கியிருக்கும், அசைவு உறுதியாக இருக்கும். பிற்காலத்தில் வந்தது ஹுலா ’அவானா. இதில் உகுலேலே என்ற சிறு நரம்புக் கருவி, கிட்டார், பாஸ் சேர்ந்து வாசிக்க, பாட்டு மெட்டோடு வரும்; கை மிதக்கும். இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள். முதலில் கஹிக்கோ கரடுமுரடாகத் தோன்றும். பத்து முறை கேட்ட பிறகு அதன் ஈர்ப்பு புரியும்.

பார்ப்பதற்கு மெரி மொனார்க் திருவிழாவைவிட நல்ல பாடம் இல்லை. ஹவாய் பெருந்தீவில் உள்ள ஹிலோ நகரத்தில், ஈஸ்டரை ஒட்டிய வாரத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது. ஹுலா போட்டி 1971இல் தொடங்கியது. வியாழன் இரவு தனி நடனப் பெண்களின் மிஸ் அலோஹா ஹுலா, வெள்ளி குழுக்களின் கஹிக்கோ, சனி ’அவானா. நுழைவுச்சீட்டு கிடைப்பது கடினம். ஆனால் போட்டி இரவுகள் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் நேரலையாக வருகின்றன. போட்டி நடக்கும் அரங்குக்கு ஈடித் கனக்க’ஓலெ பெயர் வைத்திருக்கிறார்கள். ஓதுவாராகவும் ஹுலா ஆசிரியராகவும் இருந்த அவருடைய முகத்தை 2023இல் அமெரிக்காவின் கால் டாலர் நாணயத்தில் பொறித்தார்கள். போட்டியின் பரபரப்பு பிடிக்காதவர்களுக்கு ஓஆஹு தீவில் ஜூலையில் நடக்கும் பிரின்ஸ் லாட் ஹுலா விழா பொருந்தும். அங்கே போட்டி கிடையாது.

பார்க்கும்போது நடனக்காரரின் கழுத்தையும் தலையையும் கவனியுங்கள். ஒவ்வொரு தீவுக்கும் மாலையில் ஒரு சின்னம் உண்டு: பெருந்தீவுக்குச் சிவந்த லெஹுவா, ஓஆஹுவுக்கு மஞ்சள் ’இலிமா, மாவியிக்கு லோக்கெலானி ரோஜா, கவா’இக்கு மொகிஹானா, மொலொகா’இக்குக் குக்குயி; நீஹாவுவுக்குப் பூவே இல்லை, சின்னஞ்சிறு சிப்பிகள். மாலையைப் பார்த்தே இது எந்த ஊர்ப் பாட்டு என்று பல நேரம் சொல்லிவிடலாம். லெஹுவா பூக்கும் ஓஹியா மரங்களை இப்போது ஒரு பூஞ்சை நோய் வேகமாகக் கொன்று வருகிறது. அதனால் பல குழுக்கள் லெஹுவாவைப் பறிப்பதையே விட்டுவிட்டன. மேடையில் செயற்கை லெஹுவாவைக் கண்டால், கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். அது காட்டின் மீதுள்ள அன்பு.

நாக்கைப் பழக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடலாம் என்று தோன்றும். தாண்டக் கூடாது. நல்லவேளை, தமிழ் படித்தவருக்கு இது எளிது. ஹவாய் மொழியில் உயிர் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் குறில், நெடில். அதாவது அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ. நம்மிடம் உள்ள அதே பத்து. ரோமன் எழுத்தில் உயிரின் மேல் கோடு இருந்தால் நெடில். மெய்யோ எட்டுதான்: ஹ, க, ல, ம, ந, ப, வ, எட்டாவதாகத் தொண்டை நிறுத்தம். தலைகீழ்க் காற்புள்ளி போல எழுதப்படும் அந்த நிறுத்தத்துக்கு ’ஓகினா என்று பெயர்.

நமக்குச் சிக்கல் இரண்டு இடங்களில்தான். ஒன்று இந்த ’ஓகினா. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் நம் நாக்கு தானாக ஒரு யகரத்தையோ வகரத்தையோ நடுவில் நுழைத்துவிடும். உடம்படுமெய் நம் ரத்தத்தில் ஊறியது. ’ஓகினா வரும் இடத்தில் அதை அடக்கி, தொண்டையில் ஒரு கணம் மூச்சை நிறுத்தி, அடுத்த உயிரைப் புதிதாகத் தொடங்க வேண்டும். இன்னொன்று, சொல்லின் நடுவில் வரும் ககரமும் பகரமும். நாம் மென்மையாக்கிவிடுவோம், ஹவாயில் எங்கே வந்தாலும் அழுத்தம்தான். அதனால்தான் இந்தக் கட்டுரையில் சில பெயர்களை இரட்டித்து எழுதுகிறேன்.

இதெல்லாம் அவ்வளவு முக்கியமா? ஓர் எடுத்துக்காட்டு போதும். ‘பவ்’ என்றால் முடிந்தது. ‘ப’உ’ என்றால் கரி. ‘பா’ஊ’ என்றால் ஹுலாவில் கட்டும் பாவாடை. குறில் நெடிலைத் தவறவிட்டால் பாட்டின் பொருள் கையைவிட்டுப் போய்விடும், கையசைவும் அதோடு போய்விடும்.

ஒரு மெலெயைப் பிரித்துப் படியுங்கள்

நான்கு வரிகளுக்குள் அடங்கும் சரணங்கள் கொண்ட ஓர் எளிய பாட்டை ஆசிரியரிடமோ தேர்ந்த பாடகரிடமோ கேட்டு வாங்குங்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஹவாய் வரியைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். எதிர்ப்பக்கம் சொல்லுக்குச் சொல் பொருள். மேரி கவேனா புக்குயியும் சாமுவேல் எல்பர்ட்டும் தொகுத்த அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு தீவுகளின் வரைபடத்தை விரித்து, பாட்டில் வரும் ஊரைத் தேடுங்கள். மலைப்பக்கமா, கடற்பக்கமா? ஹவாயில் இன்றும் வழி சொல்லும்போது மாவுக்கா, மக்காய் என்பார்கள்: மலையை நோக்கி, கடலை நோக்கி. ஆடுபவரின் கையும் பெரும்பாலும் அப்படித்தான் நீளும்.

அடுத்தது கவோனா. பாட்டின் வெளிப்பொருளுக்கு அடியில் மறைந்திருக்கும் உட்பொருள் அது. ஹவாயில் ஒவ்வொரு ஊர் மழைக்கும் தனிப்பெயர் உண்டு. ஹிலோவின் மழை கனிலெஹுவா, மானோவா பள்ளத்தாக்கின் மழை துவாஹினே. பூவை நனைக்கும் மழை என்று ஒரு வரி வந்தால் அது மழையாகவும் இருக்கலாம், காதலராகவும் இருக்கலாம். எல்லா உட்பொருளும் நமக்குத் தெரிந்துவிடாது. சில பாட்டைக் கட்டியவரோடும் அவர் குடும்பத்தோடும் நின்றுவிடும். அதை அப்படியே விடுவதும் மரியாதை.

மெட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ‘கவுலானா நா புவா’ என்ற பாட்டைச் சொல்வேன். கேட்டால் மகிழ்ச்சியாகத் துள்ளும். 1893இல் அரசி லிலியுவோகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தபோது, புதிய ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்த அரச இசைக்குழுவினருக்காக எழுதப்பட்ட எதிர்ப்புப் பாட்டு அது. உங்கள் பணம் வேண்டாம், எங்களுக்குக் கல்லே சோறு என்கிறது. அதன் துயரம் கருதி அந்தப் பாட்டுக்கு ஹுலா ஆடுவதில்லை என்பது நெடுநாள் வழக்கம். இது தெரியாத ஒருவர் அதைக் கல்யாண வரவேற்பில் ஆடினால் எப்படி இருக்கும்?

நேரடியாகப் பயன்படும் ஒரு குறிப்பு: பாட்டு முடியப்போகிறது என்பதை ‘ஹா’இனா’ என்ற சொல் காட்டிக் கொடுக்கும். ‘இதோ கதையின் சாரம் சொல்லப்படட்டும்’ என்ற கருத்தில் கடைசிச் சரணம் அந்தச் சொல்லோடு தொடங்கும். அதேபோல ஒரு சரணம் முடியும்போது ஆடுபவரோ ஓதுபவரோ அடுத்த வரியின் முதல் சொற்களை உரக்கக் கூவுவார். அதற்குக் காஹேயா என்று பெயர். குழுவில் ஒருவருக்கும் வரி மறக்காமல் இருக்க அதுதான் கயிறு.

கொஞ்சம் வரலாறு

ஹவாய்க்காரர்கள் ஹுலா விஷயத்தில் ஏன் இத்தனை கண்டிப்பாக இருக்கிறார்கள் என்று புதியவர்கள் கேட்பதுண்டு. 1820இல் நியூ இங்கிலாந்திலிருந்து கிறிஸ்தவ மிஷனரிகள் வந்தார்கள். மதம் மாறிய அரசி கா’அஹுமானு 1830இல் பொது இடத்தில் ஹுலா ஆடுவதைத் தடை செய்தார். ஆட்டம் கிராமங்களுக்குள், வீடுகளுக்குள் ஒதுங்கி உயிர் பிழைத்தது. 1883இல் மன்னர் கலாக்கௌவா தன் முடிசூட்டு விழாவில் ஹுலாவை எல்லார் முன்னிலையிலும் ஆட வைத்தார். ‘மெரி மொனார்க்’, அதாவது மகிழ்ச்சியான மன்னர் என்ற அவருடைய பட்டப்பெயரைத்தான் ஹிலோ திருவிழா தாங்கி நிற்கிறது. பிறகு 1893இல் அரசு கவிழ்ந்தது. 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழி என்று சட்டம் வந்தது. ஒரு தலைமுறை தன் தாய்மொழியைப் பேசவே கூச்சப்பட்டது. மெலெயின் பொருள் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1970களின் மறுமலர்ச்சிக்குப் பின்புதான் காற்று திரும்பியது. 1978இல் ஹவாய் மொழி மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. 1984இல் அந்த மொழியிலேயே நடக்கும் முதல் மழலையர் பள்ளி திறந்தது. இப்படிக் கையில் பொத்தி வைத்துக் காப்பாற்றிய ஒன்றைத்தான் நமக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இப்போது கால்

வெறுங்காலில் நில்லுங்கள். பாதங்கள் முன்னோக்கி, நடுவில் ஒரு கைப்பிடி இடைவெளி. முழங்காலை மடக்குங்கள்; ஆடி முடிக்கும் வரை மடங்கியே இருக்க வேண்டும். தோள் ஒரே மட்டத்தில். இடுப்பு அசைவதற்குக் காரணமே மடங்கிய முழங்காலும் எடை மாறுவதும்தான். இடுப்பைத் தனியாக ஆட்ட முயன்றால் முதுகு வலிக்கும்.

காஹோலோ என்ற அடியில் தொடங்குங்கள். வலக்காலை வலப்பக்கம் வையுங்கள், இடக்காலைச் சேருங்கள், மறுபடி வலக்கால், நான்காவது எண்ணிக்கையில் இடக்காலைப் பக்கத்தில் தொட்டு வையுங்கள். பிறகு இடப்பக்கம் அதே நான்கு. தலை மேலும் கீழும் குதிக்கக் கூடாது. ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலும் நஷ்டமில்லை.

அடுத்தது ஹெலா: எடையை ஒரு காலில் வைத்துக்கொண்டு மற்றக் காலைச் சாய்வாக முன்னே நீட்டித் தரையைத் தொட்டுத் திருப்புவது. கா’ஓ: நின்ற இடத்திலேயே குதிகால்களை மாற்றி மாற்றி உயர்த்தி இடுப்பை அசைப்பது. ’அமி: இடுப்பைச் சுழற்றுவது. ’உவெஹே: ஒரு காலைத் தூக்கி வைத்து, இரண்டு குதிகால்களையும் எழுப்பி முழங்கால்களை வெளியே விரிப்பது. கடைசி இரண்டையும் ஆசிரியர் முன்னிலையில் பழகுவது நல்லது. முழங்காலுக்குச் சுமை அதிகம்.

கையைப் பற்றி ஒன்றே ஒன்று: கை போகும் இடத்துக்குக் கண்ணும் போக வேண்டும். விரல்கள் மேலிருந்து படபடத்து இறங்கினால் மழை. குவிந்த விரல் விரிந்தால் பூ. மார்பின் மேல் குறுக்கிட்ட கைகள் அன்பு. ஆனால் இது மனப்பாடம் செய்யும் பட்டியல் இல்லை. ஒரே சொல்லை ஒவ்வொரு ஆசிரியரின் வழியும் வேறு வேறாகக் காட்டும். மழை என்று கை சொல்லும்போது உங்கள் கண் அந்த மழையைப் பார்க்காவிட்டால் எதிரே இருப்பவருக்கு விரல்தான் தெரியும்.

ஒரு கருவியைக் கையில் எடுங்கள்

ஆடுபவர் தாளம் தெரியாமல் இருக்கக் கூடாது. கஹிக்கோவுக்கு உயிர் இப்பு, அதாவது சுரைக்குடுக்கை. இரண்டு குடுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் இப்பு ஹெக்கே. தரையில் துணி மெத்தை போட்டு, குடுக்கையின் அடிப்பாகத்தை அதில் இறக்கினால் வரும் ஆழ்ந்த ஓசைக்கு ‘ஊ’ என்றும், பக்கத்தில் விரலால் தட்டினால் வரும் ஓசைக்கு ‘தே’ என்றும் சொற்கட்டு. காஹெலா என்ற அடிப்படைத் தாளம்: ஊ, ஊ தே தே. வாயால் சொல்லிக்கொண்டே காஹோலோ அடி வைத்துப் பாருங்கள். சுறாத்தோல் போர்த்திய பஹு முரசு, கையில் இரண்டிரண்டாகப் பிடித்துக் கிலுகிலுக்கும் ஆற்றுக்கல் இலி’இலி, இறகு சூடிய கிலுகிலுப்பை உலி’உலி, கீறிய மூங்கில் பூ’இலி எல்லாம் பிறகு வரும்.

’அவானாவின் பக்கம் மனம் சாய்ந்தவர்கள் உகுலேலேயில் தொடங்கலாம். 1879இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்த போர்த்துகீசியர்களின் சிறு கிட்டாரிலிருந்து பிறந்தது அது. சொப்ரானோ, கான்சர்ட், டெனர் என்ற மூன்று அளவுகளில் எதையும் வாங்கலாம். பாரிட்டோனுக்குச் சுருதியே வேறு, முதல் கருவியாக வேண்டாம். நான்காவது நரம்பிலிருந்து முதல் நரம்பு வரை ஜி, சி, ஈ, ஏ என்று சுருதி சேருங்கள். ஜி மேல்சுருதியில் இருக்கும். மூன்று கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, போதும். டி7க்கு நான்காவது நரம்பையும் இரண்டாவது நரம்பையும் இரண்டாம் கட்டத்தில் அழுத்துங்கள். ஹவாய்க்காரர்கள் வாசிக்கும் டி7 இதுதான். ஜி7க்கு மூன்றாவது நரம்பு இரண்டாம் கட்டம், இரண்டாவது நரம்பு முதல் கட்டம், முதல் நரம்பு இரண்டாம் கட்டம். சி கார்டுக்கு முதல் நரம்பு மூன்றாம் கட்டம் மட்டும். டி7, ஜி7, சி என்று வரிசையாக மீட்டுங்கள். சரணத்துக்குச் சரணம் நடுவில் வரும் அந்த ஹவாய் இழுப்பு உங்கள் விரலிலேயே கேட்கும்.

கிட்டார் ஏற்கெனவே தெரியும் என்றால், நரம்பைத் தளர்த்தி வாசிக்கும் கீ ஹோ’அலு என்ற முறை உங்களுக்குக் காத்திருக்கிறது. மாடு மேய்க்கக் கற்றுக்கொடுக்க 1830களில் வந்த மெக்சிகோ மாட்டுக்காரர்களோடு கிட்டார் தீவுகளுக்கு வந்தது. ஹவாய்க்காரர்கள் நரம்பைத் தளர்த்தித் தமக்கான சுருதிகளைக் கண்டுபிடித்தார்கள். வழக்கமான சுருதியிலிருந்து ஆறாவது நரம்பை ஈயிலிருந்து டிக்கும், ஐந்தாவதை ஏயிலிருந்து ஜிக்கும், முதல் நரம்பை ஈயிலிருந்து டிக்கும் இறக்குங்கள். இதற்கு டாரோ பேட்ச் என்று பெயர்: சேப்பங்கிழங்குப் பாத்தி. கட்டைவிரல் கீழ்நரம்புகளை மாற்றி மாற்றி மீட்டட்டும், மற்ற விரல்கள் மெட்டைச் சொல்லட்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் சுருதியை வெளியாருக்குச் சொல்லாமல் காத்தது. இந்த முறையில் வாசித்த கேபி பஹினுயியின் பழைய பதிவுகளைக் கேட்டால் ஏன் என்று புரியும்.

நம் ஊர் வாத்தியக் கடைகளில் ஹவாயன் கிட்டார் என்று கேட்டிருப்பீர்கள். ஓஆஹுவின் லா’இயே ஊரைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்கு, 1880களின் பிற்பகுதியில் உலோகத் துண்டை நரம்பின்மேல் இழுத்து உருவாக்கிய வாசிப்பு அது. அதே ஊரில் வளர்ந்த டாவ் மொயே 1940களில் குடும்பத்தோடு கொல்கத்தாவில் தங்கி வாசித்தார். அந்தச் சறுக்கு ஓசை இந்தி, வங்காளப் பாடல்களுக்குள் நுழைந்தது. பிரிஜ் பூஷன் காப்ரா அதே கருவியில் ராகங்களை வாசித்தார். ஆகவே ஹவாயின் ஒரு துண்டு ஏற்கெனவே உங்கள் காதில் இருக்கிறது.

ஆசிரியரிடம் போகும் நாள்

ஹுலா ஆசிரியருக்குக் குமு ஹுலா என்று பெயர். அவருடைய பள்ளி ஹாலாவ், மாணவர்கள் ஹவுமானா. ஹவாய்க்கு வெளியே ஜப்பானிலும் அமெரிக்காவின் மற்ற மாநிலங்களிலும் நிறைய ஹாலாவ்கள் உண்டு, இணைய வகுப்பு நடத்தும் குமுக்களும் உண்டு. தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்துக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் குமு யார்? நல்ல ஆசிரியர் அந்தக் கேள்விக்கு மகிழ்ந்து, தன் ஆசிரியர், அவருடைய ஆசிரியர் என்று வரிசையாகச் சொல்வார். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

சேர்ந்த பிறகு சில ஒழுங்குகள். கற்றுக்கொடுத்த மெலெயைக் கேட்காமல் மேடையேற்றவோ காணொளியாகப் போடவோ வேண்டாம். எரிமலைத் தெய்வம் பெலேக்கும் ஹுலாவின் தெய்வம் லக்காவுக்கும் உரிய ஓதல்களை நீங்களாகக் காணொளியிலிருந்து எடுக்க வேண்டாம். இன்னொரு ஹாலாவுக்குப் போக விரும்பினால் முதலில் உங்கள் குமுவிடம் சொல்லுங்கள். யாராவது மாலை அணிவித்தால் அவர் எதிரிலேயே கழற்ற வேண்டாம்.

முதல் நாளுக்கு நோட்டுப் புத்தகம், தண்ணீர், முழங்கால் மூடும் அளவுக்கு ஒரு பா’ஊ போதும். பல ஹாலாவ்களில் மாணவர்கள் சட்டென்று உள்ளே நுழைவதில்லை. வெளியே நின்று, அனுமதி கேட்கும் ஒலியை ஓதுவார்கள். உங்களுக்கு அது முழுதாக வராவிட்டாலும் பழைய மாணவர்களுக்குப் பின்னால் நின்று, தெரிந்த வரியில் மட்டும் குரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிலைக் குறிலாக, நெடிலை நெடிலாக. உள்ளேயிருந்து குமுவின் குரல் பதில் ஓதி வரச் சொல்லும் வரை வாசலிலேயே நில்லுங்கள்.